மாதிரி எண் ஏழு

தீவுகள் பிரிவின் தலைமை அலுவலகம் கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் உள்ளே, ஒரு மலையடிவார நகரத்தில், நான்காவது மாடியில் இருந்தது. ஒரு காலத்தில் அது துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் இருந்ததாம். உப்புக் காற்றில் குண்டூசிகள் துருப்பிடிக்கின்றன, கோப்புகள் நமுத்துப்போகின்றன என்று ஓர் அறிக்கை வந்தது. கோப்புகளின் உடல்நலத்தை முன்னிட்டு அலுவலகத்தை மலைப் பக்கம் மாற்றினார்கள். தீவுகளை மாற்ற வழியில்லாததால் அவை கடலிலேயே விடப்பட்டன.

அந்தப் பிரிவின் மூத்த எழுத்தரை எல்லாரும் 'தீவு' என்றே கூப்பிட்டார்கள். "தீவு வந்தாச்சா?", "தீவு இன்னிக்கு லீவா?" என்றுதான் பேச்சு. பதினேழு வருஷமாகத் தீவுகளைப் பற்றி எழுதிவந்த அந்த மனுஷர் படகில் காலை வைத்தது கிடையாது. அவர் மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. அதில் முப்பத்தாறு பவளத் தீவுகள் இருந்தன. யாரோ சிந்திய தேநீர்க் கறை ஒன்று முப்பத்தேழாவதாகப் பட்டியலில் ஏறிவிட்டது. அதற்கும் வருஷத்துக்கு இரண்டு சுற்றறிக்கை போனது. அங்கிருந்து இதுவரை ஒரு புகாரும் வராததால், மற்ற தீவுகளுக்கு அதை முன்னுதாரணமாகக் காட்டுவது வழக்கம்.

புகார் அனுப்புவதில் முதலிடம் ஆகக் கடைசியில் கிடந்த ஒரு குட்டித் தீவுக்கு. அங்கிருந்த மருந்தகத்தின் நர்ஸ் மாதம் தவறாமல் ஒரு கடிதம் போட்டார். மருத்துவப் படகின் இயந்திரம் நான்கு வருஷமாகச் செத்துக் கிடக்கிறது. ஆஸ்பத்திரி இருக்கிற பெரிய தீவுக்கு ஐந்து மணி நேரக் கடல் பயணம். மீன்பிடிப் படகுகளில் படுத்த நோயாளியைக் கொண்டுபோக முடியவில்லை. வேறு படகு வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

தீவு அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில் பெயர்பெற்றவர். ஒருபோதும் மறுக்க மாட்டார். மறுத்தால் மேலே மனுப் போட்டுவிடுவார்கள். அவர் கேள்வி கேட்பார். இயந்திரம் பழுதுதான் என்று ஒரு பொறியாளர் நேரில் பார்த்துச் சான்றளிக்க வேண்டும் என்று எழுதினார். பொறியாளர் வந்துபோகப் படகு இல்லையே என்று நர்ஸ் கேட்டார். பொறியாளர் வராததற்கு விளக்கம் தேவை என்று இவர் எழுதினார். இப்படியாக அந்தக் கோப்பு கொழுகொழுவென்று வளர்ந்து, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தது.

அந்த வருஷம்தான் ஊருக்குப் பவளத் தீவுப் பைத்தியம் பிடித்தது. யாரைப் பார்த்தாலும் தீவுக்குப் போய்விட்டு வந்தார்கள், அல்லது போகப்போவதாகச் சொன்னார்கள். அங்கே போய்ச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மணலில் மல்லாந்து, காலை நீட்டி, காலுக்குப் பின்னால் கடல் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். "என்னை நானே கண்டுபிடித்தேன்" என்று கீழே ஒரு வரி. கண்டுபிடிக்கப்பட்டது கால் மட்டும்தான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

தீவின் சகலையும் போய்விட்டு வந்தார். நாற்பத்தொரு போட்டோ அனுப்பினார். முப்பத்தெட்டில் கால்.

"பதினேழு வருஷமா தீவு தீவுன்னு எழுதுறீங்க," என்றாள் மனைவி. "என் தங்கச்சி வீட்டுக்காரர் செருப்புக் கடை வச்சிருக்காரு. அவர் கால் எங்க இருக்கு பாருங்க. உங்க கால் எங்க இருக்கு?"

தீவு குனிந்து பார்த்தார். அது சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருந்தது.

"ஆபீஸ்ல கேட்டுப் பார்க்கிறேன்," என்றார்.

கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. இயக்குநர் வீட்டிலும் அதே சச்சரவு நடந்திருக்க வேண்டும். மறுநாள் காலை அவரே கூப்பிட்டு அனுப்பினார்.

"நம்மகிட்ட தீவு இருக்கில்ல?"

"இருக்கு சார். முப்பத்தேழு."

"அங்க ஏதாவது பிரச்சினை இருக்கா?"

"ஒன்னும் இல்ல சார்," என்றார் தீவு, பழக்கதோஷத்தில்.

இயக்குநரின் முகம் வாடிப்போனது. "நல்லா யோசிச்சுப் பாருங்க. பிரச்சினை இல்லாத இடத்துக்கு நாம எந்த முகத்தோட போறது?"

"படகு வேணும்னு ஒரு நர்ஸ் எழுதிட்டே இருக்காங்க சார்."

"பிரமாதம்! ரொம்ப தூரமா?"

"ஆக தூரம் சார்."

"மணல் வெள்ளையா இருக்குமா?"

"அது கோப்புல இல்ல சார்."

"கேட்டு எழுதுங்க. அவசரம்."

நான்கு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கோப்பின் மேல் 'மிக அவசரம்' என்ற முத்திரை விழுந்தது. மணலின் நிறம் பற்றிய விவரத்தை உடனடியாகத் தெரிவிக்குமாறு நர்ஸ் கேட்டுக்கொள்ளப்பட்டார். பதில் ஒரே வரியில் வந்தது: "மணல் வெள்ளை. படகு இன்னும் இல்லை." முதல் பாதி திருப்தியளிப்பதாகக் குறிப்பெழுதப்பட்டது.

'பவளத் தீவுகளில் படகின் இன்றியமையாமை குறித்த நேரடி ஆய்வுக் குழு' உடனே அமைந்தது. குழுத் தலைவர் இயக்குநர். மகளிர் பிரதிநிதி அவர் மனைவி. போட்டோ எடுக்க அவர் மைத்துனர். விதிப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு விதிகள் அலுவலர். கோப்பைச் சுமந்துகொண்டு தீவு. இவர்கள் போக இன்னும் ஆறு பேர். அவர்கள் எதில் நிபுணர்கள் என்பதைத் திரும்பி வந்தபின் முடிவுசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

துறையின் ஆய்வுப் படகு வெள்ளை வெளேரென்று, குளிர்சாதன அறைகளோடு இருந்தது. படியில் கால் வைக்கும் முன்பே விதிகள் அலுவலர் உரக்கப் படித்தார்: இப்படகில் குழு உறுப்பினர்களும், அவர்கள் சேகரிக்கும் ஆய்வு மாதிரிகளும் தவிர வேறு எவரும், எதுவும் ஏற்றப்படலாகாது. எல்லாரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு நாள் பயணம். முதல் மணி நேரத்திலேயே குழு முழுவதும் ஓரமாகத் தொங்கி வாந்தி எடுத்தது. தீவு, தான் பதினேழு வருஷமாக 'சிறிது கடல் தொலைவு' என்று எழுதிவந்த பரப்பைப் பார்த்து, குடல் வெளியே வந்துவிடுமோ என்று பயந்தார். விதிகள் அலுவலர் ஒருவர்தான் வாந்தி எடுக்கவில்லை. உள்ளே போனதை வெளியே விடுகிற பழக்கம் அவருக்கு எந்த விஷயத்திலும் கிடையாது.

மூன்றாம் நாள் காலை அந்தக் குட்டித் தீவு தெரிந்தது. அடித்தொண்டையிலிருந்து ஒரு "ஆகா" எல்லாருக்கும் வந்தது. பச்சைக் கண்ணாடி மாதிரித் தண்ணீர், அதற்கடியில் பவளப் பாறைகள், பால்போல மணல், அறுபது வீடுகள், தகரக் கூரை போட்ட ஒரு மருந்தகம். இறங்குதுறையில் ஒரு பெண்மணி நின்றார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார்.

எல்லாரையும் விட்டுவிட்டுக் கோப்புத் தூக்கியவரிடம் வந்தார். "நீங்கதானா அந்தக் கையெழுத்து?"

தீவுக்குப் பெருமையாக இருந்தது. "ஆமாங்க."

"வாங்க, காட்டுறேன்."

மருந்தகத்துக்குப் பின்னால் மருத்துவப் படகு சாய்ந்து கிடந்தது. உள்ளே வைக்கோல் போட்டு நாலைந்து கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன.

"இதுல இப்ப கோழி முட்டை போடுது," என்றார் நர்ஸ். "அதுக்கும் அனுமதி வாங்கணுமா?"

"கோழி யார் பேர்ல இருக்கு?" என்று தீவின் வாய் தானாகவே கேட்டுவிட்டது.

நர்ஸ் சிரிக்கவில்லை. "போன வருஷம் ஒரு கடிதம் போட்டீங்களே, புதுப் படகு என்ன நிறத்துல வேணும்னு கேட்டு. அது வந்து சேர்ந்த அன்னிக்கு ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. மீன் படகுல உட்கார வச்சுக் கொண்டுபோனாங்க. பாதி வழியில உட்கார்ந்தபடியே போயிட்டாரு. நான் நீலம்னு பதில் எழுதினேன். உங்களுக்கு வந்துச்சா?"

வந்திருந்தது. வெளிர் நீலமா, அடர் நீலமா என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தார். நல்ல கடிதம் அது. அலுவலகத்தில் இரண்டு பேர் பாராட்டினார்கள். அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடல் மயக்கம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆய்வு இரண்டு நாள் மும்முரமாக நடந்தது. மைத்துனர் தவிர மற்ற பத்துப் பேரும் வரிசையாகப் படுத்துக் காலை நீட்டினார்கள். மைத்துனர் ஓடி ஓடிப் படமெடுத்தார். இயக்குநர் முழங்கால் அளவு தண்ணீரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அறிக்கை சொல்ல, தீவு இடுப்பளவில் நின்று எழுதினார்.

"எழுதுங்க. இத்தீவுக்குப் படகு வசதி மிகச் சிறப்பாக உள்ளது."

"சார், படகு இல்லைங்கிறதுதானே..."

"அப்ப நாம எதுல வந்தோம்?"

தீவு யோசித்துப் பார்த்தார். படகில்தான் வந்திருந்தார்கள். எழுதிக்கொண்டார்.

போகிறபோது வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது என்று ஆறு மாதிரிகள் சேகரித்தார்கள். மணல் ஒரு பை. சங்கு ஒன்று. கடல் நீர் ஒரு போத்தல். தேங்காய் ஒன்று. மகளிர் பிரதிநிதி தன் வரவேற்பறைக்கென்று உடைத்துக்கொண்ட பவளக் கிளை ஒன்று. ஒரு நண்டு. எல்லாவற்றுக்கும் எண் எழுதி அட்டை கட்டி ஏற்றினார்கள்.

கிளம்புகிற நேரத்தில் நர்ஸ் ஓடிவந்தார். பின்னால் நாலு பேர் ஒரு கதவுப் பலகையைத் தூக்கி வந்தார்கள். அதன்மேல் ஒரு மீன்காரரின் மனைவி படுத்திருந்தாள். தலைச்சன் பிரசவம்.

"குழந்தை குறுக்க கிடக்கு. ஆபரேஷன் பண்ணணும். காத்து அடிக்குது, சின்னப் படகு தாங்காது. நீங்க போற வழியிலதான் பெரிய தீவு. ஏத்திக்குங்க."

இயக்குநர் மிகுந்த அனுதாபத்தோடு விதிகள் அலுவலரைப் பார்த்தார். விதிகள் அலுவலர் புத்தகத்தைப் பார்த்தார்.

"பயணியா ஏத்த முடியாது."

"நோயாளியா ஏத்துங்க," என்றார் நர்ஸ்.

"இது மருத்துவப் படகு இல்ல. இந்தத் தீவுக்குன்னு மருத்துவப் படகு தனியா ஒன்னு பதிவுல இருக்கு."

"அதுல கோழி இருக்குங்க!"

"கோழி வேற துறை."

கணவர் பலகையின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். படுத்திருந்தவள்தான் தலையைத் திருப்பி, கோப்போடு நின்ற தீவைப் பார்த்துக் கேட்டாள்: "ஐயா, இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

பதினேழு வருஷத்தில் அந்தக் கேள்விக்குத் தீவு எத்தனையோ பதில் எழுதியிருக்கிறார். 'பரிசீலனையில் உள்ளது', 'உரிய காலத்தில்', 'தக்க நடவடிக்கைக்குப் பின்'. நேருக்கு நேர் யாரும் கேட்டதில்லை. அவள் உதட்டைக் கடித்ததில் ரத்தம் கசிந்திருந்தது. தீவு கோப்பைக் கீழே வைத்தார்.

"சார்," என்றார் விதிகள் அலுவலரிடம். "மாதிரி ஏத்தலாம்தானே?"

"மாதிரி ஏத்தலாம்."

"ஆய்வோட பொருள் படகின் இன்றியமையாமை. படகு இல்லாம முடியாதுங்கிற நிலைமையில இருக்கிற ஒரு ஆளை மாதிரியா எடுத்துக்கிட்டா, ஆய்வுக்கு அதைவிடப் பொருத்தமான மாதிரி உண்டா சார்?"

விதிகள் அலுவலரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "உயிருள்ள மாதிரியா?"

"நண்டு ஏறியிருக்கு சார். உயிரோட."

அவர் பக்கத்தைப் புரட்டினார். நண்டைப் பார்த்தார். நண்டு உயிரோடுதான் இருந்தது. "சரி. படிவம் நிரப்புங்க. வழங்கியவர் கையெழுத்து வேணும்."

மாதிரியை வழங்கியவர் என்ற இடத்தில் கணவர் கைநாட்டு வைத்தார். மாதிரியின் தன்மை: திடப்பொருள். எடை: அறுபத்தொரு கிலோ. அவளுடைய மணிக்கட்டில் 'மாதிரி எண் ஏழு' என்று அட்டை கட்டினார்கள். நர்ஸை எந்தத் தலைப்பில் ஏற்றுவது என்று கொஞ்சம் குழப்பம் வந்தது. மாதிரி உடையாமல் இருக்க வைக்கும் பஞ்சு, வைக்கோல் முதலானவை அனுமதிக்கப்படும் என்று ஒரு துணைவிதி இருந்தது. அவர் பஞ்சாக ஏறினார். கணவருக்குப் பொருந்துகிற தலைப்பு எதுவும் கிடைக்கவில்லை. அவர் கரையிலேயே நின்றார். படகு புள்ளியாகிற வரைக்கும் நின்றார்.

ஐந்து மணி நேரமும் தீவு வாந்தி எடுக்கவில்லை. நர்ஸ் சொல்லச் சொல்ல வெந்நீர் கொண்டுவந்தார், துணி பிழிந்தார், இயக்குநரின் அறையிலிருந்து தலையணையைக் கேட்காமலே எடுத்துவந்தார். பெரிய தீவின் ஆஸ்பத்திரியை 'மாதிரிப் பரிசோதனைக் கூடம்' என்று பதிந்து அவளை இறக்கினார்கள். பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தீவு தேம்பித் தேம்பி அழுதார். தன்னுடைய எழுத்தால் ஓர் உயிர் நகர்ந்ததை அன்றுதான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போட்டோ எங்க?" என்றாள்.

"எடுக்கலம்மா. அந்த நேரத்துல..."

"அந்தப் பொண்ணு கால் பக்கத்துல உங்க காலை வச்சாவது ஒன்னு எடுத்திருக்கலாம்."

மறுவாரம் விதிகள் அலுவலரிடமிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மாதிரி எண் ஏழு ஏற்றப்பட்டபோது எடை அறுபத்தொரு கிலோ. பரிசோதனைக் கூடத்திலிருந்து வெளிவந்தபோது ஐம்பத்தைந்து. துறையின் உடைமையில் ஏற்பட்ட ஆறு கிலோ குறைவுக்கு யார் பொறுப்பு? தீவு குழந்தையின் படத்தை இணைத்துப் பதில் அனுப்பினார். இணைப்பு மூன்று கிலோதான் வருகிறது, மீதி எங்கே என்று மறு ஓலை வந்தது.

நல்லவேளையாகப் பத்திரிகைகள் குறுக்கே வந்தன. 'கடலில் ஓர் உயிர் காத்த இயக்குநர்' என்று, தண்ணீரில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த படத்தோடு செய்தி வந்தது. இயக்குநருக்கு விருது கொடுத்தார்கள். விருது கொடுத்த மேடையிலேயே அவர் 'மாதிரித் திட்டம்' ஒன்றை அறிவித்தார். இனித் தீவுகளுக்கு மருத்துவப் படகு என்கிற வீண் ஏற்பாடு தேவையில்லை. ஆய்வுக் குழுக்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தீவுக்குப் போகும். காலை நீட்ட ஆசைப்பட்டு வேறு துறைகளும் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டன. நோயாளிகள் அந்தத் தேதிகளை அனுசரித்து நோய்வாய்ப்பட்டு, மாதிரிகளாகப் பதிந்துகொண்டால் போதும்.

தீவு பதறிப்போனார். இரண்டு நாள் உட்கார்ந்து, அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, கேள்வியே இல்லாத ஒரு குறிப்பு எழுதினார். படகு தேவை. உடனே தேவை. இயக்குநர் அதைப் படித்துவிட்டு அன்போடு அவர் தோளில் கை போட்டார்.

"அடுத்த மாசத்திலிருந்து நீங்கதான் மாதிரிகள் அலுவலர். தனி ரூம். வாங்க, பார்க்கலாம்."

அறையில் ஜன்னல் இருந்தது. சுழல் நாற்காலி இருந்தது. கூப்பிடு மணி இருந்தது.

"படகு வந்துட்டா மாதிரி வராது," என்றார் இயக்குநர். "மாதிரி வரலேன்னா இந்த ரூம் எதுக்கு? நீங்களே சொல்லுங்க."

தீவு ஜன்னலைப் பார்த்தார். மணியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். நல்ல சத்தம். தன் குறிப்பைத் திரும்ப வாங்கி, சில ஐயப்பாடுகள் தெளிவுபெற வேண்டியுள்ளன என்று அதன் ஓரத்தில் எழுதினார். அப்புறம் அந்தக் குறிப்பை யாரும் பார்க்கவில்லை.

திட்டம் தொடங்கி ஒரு வருஷம் ஆனபோது மாதிரிகள் அலுவலர் நாலாவது தடவையாக அந்தத் தீவுக்குப் போயிருந்தார். இப்போதெல்லாம் அவருக்குக் கடல் மயக்கம் வருவதில்லை. கூட வந்த மனைவி, 'மாதிரிகள் நலப் பிரதிநிதி' என்ற பதவியில், மணலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். இறங்குதுறையில் மேஜை போட்டிருந்தது. அதன் முன்னால் கையில் எண் அட்டையோடு நோயாளிகள் வரிசையாக நின்றார்கள். மொத்தம் பத்து மாதிரிகளுக்குத்தான் இடம்.

நர்ஸ், ஒரு நோயாளியைத் தோளில் தாங்கி நேரே மேஜைக்கு அழைத்து வந்தார். அந்த ஆளுக்கு மூச்சு இழுத்தது. கையில் பத்தாம் எண்.

"இவர முதல்ல ஏத்துங்க. மூணு மாசமா உங்க படகுக்காகவே உயிரைப் பிடிச்சுட்டு இருக்காரு. போன தடவை இடமில்லைன்னு விட்டுட்டுப் போனீங்க. இதுக்கு நடுவுல ரெண்டு பேர் செத்துட்டாங்க. எங்களுக்குன்னு ஒரு படகு கொடுத்தா..."

"நர்ஸம்மா," என்றார் மாதிரிகள் அலுவலர், ரொம்ப மரியாதையாக. "மாதிரிகளோ, மாதிரி சார்பாக வேற யாருமோ பேச விதியில இடமில்ல. பேசினா பதிவு ரத்தாயிடும். வரிசையில வாங்க."

நர்ஸ் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "நீங்களாவது வாயைத் திறந்து கேளுங்கய்யா! நம்ம உயிருக்கு நாமதானே கேட்கணும்?"

ஒன்றாம் எண்காரர் மேஜைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து நின்றுகொண்டார். நர்ஸின் தோளில் சாய்ந்திருந்தவர்தான் அவர் கையைப் பிடித்து இழுத்தார். மூச்சு வாங்க வாங்க, விட்டு விட்டு, காதோடு காதாகச் சொன்னார்:

"சும்மா இருங்க நர்ஸம்மா... போன தடவை என் பேரே ஏறல... இப்பதான் ஒரு வழியா மாதிரி ஆகியிருக்கேன்... கெடுத்துடாதீங்க."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். சத்தம் வராமல்.